தபாலில் பழகிய வண்டி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அக்காதான் எழுதுகிறேன். மாமா ஏன் எழுதவில்லை என்று பார்க்காதே. அவர் நன்றாகத்தான் இருக்கிறார், பேனா பிடிக்கத்தான் சோம்பல். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற மனுஷனுக்கு, வீட்டில் இரண்டு வரி எழுதினால் கை வலிக்கிறதாம்.

நீ அந்தத் தீவுக்குப் போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. உன் ஜெனரேட்டர்களை விட்டுவிட்டு ஒருநாள் கரைக்கு வர மனசில்லை. அன்றைக்குச் சாப்பாட்டின் நடுவில் எழுந்து போனாய், அடுத்த வாரம் படகு ஏறினாய். என்ன கோபம் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதுகூடப் போகட்டும். உன் மோட்டார் சைக்கிள் சாவியை என்னிடம் தராமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது அந்தச் சாவி என்னிடம் இருக்கிறது. மெக்கானிக் கடையை ஊரின் மறுகோடிக்கு மாற்றுகிறான். புதுக் கடையில் இடமில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நம் மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுப் பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது. பஸ், கார் எதுவும் போகக் கூடாது, இரண்டு சக்கர வண்டிகள் மட்டும் போகலாம் என்று பலகை வைத்துவிட்டார்கள். அக்கரையில் ஆஸ்பத்திரி எனக்கு ஒதுக்கியிருப்பது பதினொரு வீடுகள். எல்லோரும் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நான் போய்த்தான் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும், ஊசி போட வேண்டும், குழாய் மாற்ற வேண்டும். இப்போது நடந்தே போகிறேன். நாளெல்லாம் நடந்தாலும் நான்கு வீடுதான் முடிகிறது. மே மாதக் கடைசிக்குள் வண்டியும் உரிமமும் காட்டாவிட்டால் அந்த ரூட்டையே நிறுத்திவிட்டு என்னை மருந்துக் கிடங்கில் உட்கார வைப்பார்களாம். பதினொரு பேரும் தாங்களே ஆஸ்பத்திரிக்கு வந்துகொள்ள வேண்டுமாம். எழுந்து உட்கார முடியாதவர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டால், மேலதிகாரி ஃபைலைப் புரட்டுகிறார்.

மெக்கானிக்கிடம் ஓட்டச் சொல்லித்தரச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டான். "உங்க தம்பி போறப்ப எங்கிட்ட ஒரே ஒரு வாக்குத்தான் வாங்கிட்டுப் போனாரு. அக்காவை இதுல ஏத்தாதேன்னு. அவரே சொன்னா சொல்லித்தரேன்க்கா" என்கிறான்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். உன் தயவில் என் இடது முழங்கையில் ஒரு தகடும் ஆறு திருகும் இருக்கின்றன. அந்தக் கடனுக்காவது சரி என்று சொல்.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

கடிதம் கிடைத்தது. படகு மூன்று நாள் தாமதம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த வண்டியில் நீ உட்காரக் கூடாது. அது நூற்று நாற்பது கிலோ. கிளட்ச் பிடிக்க வேண்டியது இடது கை, உன்னுடைய இடது கை முழுதாக நீளாது. அன்றைக்குப் பழைய நெல் கிடங்கு வளைவில் நான் பிரேக்கைத் தப்பாகப் பிடித்து, பின்னால் உட்கார்ந்திருந்த உன்னை மணலில் தள்ளியது போதும். அதற்குப் பிறகு நானே அதைத் தொடவில்லை, உனக்குத் தெரியும்.

ஆபீசில் பேசிப் பார். பாலத்தைச் சீக்கிரம் சரிசெய்வார்கள்.

வண்டி சைட் ஸ்டாண்டில் நின்றால் சென்டர் ஸ்டாண்டுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடும். பெட்ரோல் குழாயை மூடி வை. பத்து நாளைக்கு ஒருமுறை மாமாவை ஸ்டார்ட் செய்யச் சொல். மாமாவை. நீ வேண்டாம்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

மாமாவை ஸ்டார்ட் செய்யச் சொன்னாய். செய்தார். அவர் கிக்கரை ஒரு மிதி மிதித்தார், அது அவரைத் திருப்பி ஒரு மிதி மிதித்தது. கணுக்காலில் கட்டுப் போட்டு உட்கார வைத்திருக்கிறேன். ஆகவே நான்தான் செய்ய வேண்டியதாயிற்று, என்மேல் பழி போடாதே.

முதலில் சென்டர் ஸ்டாண்ட். கட்டிலில் ஆளைத் தூக்குவதுபோல் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. மூச்சு வாங்க நின்றபோது ஸ்டாண்டில் காலுக்கென்று ஒரு நாக்கு இருப்பதைப் பார்த்தேன். அதன்மேல் என் மொத்த எடையையும் வைத்து ஏறி நின்றேன். வண்டி தானாகப் பின்னால் நகர்ந்து நிமிர்ந்து நின்றுவிட்டது. நான் இழுக்கவே இல்லை. இருபது வருடமாக மனிதர்களைப் புரட்டிப் போடுகிற கை இது. இவ்வளவு கனம் இவ்வளவு சுலபமாகச் சொன்ன பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், சும்மா பார்ப்பதற்காக.

பிறகு கிக்கர். பத்தொன்பது மிதி மிதித்தேன், ஒரு முனகல்கூட இல்லை. பெட்ரோல் குழாயை மூடச் சொன்ன நீ, திறக்கச் சொல்லவில்லையே. திறந்துவிட்டு இருபதாவது மிதி மிதித்தேன். பிடித்துக்கொண்டது. அந்த அதிர்வு காலில் ஏறி, இடுப்பில் ஏறி, நெஞ்சுக்குள் வந்துவிட்டது. நின்றுபோன மூச்சு ஒருவருக்குத் திரும்பி வந்தால் அந்த அறையில் யாரும் பேச மாட்டோம். நானும் மாமாவும் படிக்குக் கீழே அப்படித்தான் நின்றோம். பிறகு மாமா மெதுவாக, "இது நம்ம வீட்டுலயா இருந்துச்சு இத்தனை நாளும்?" என்றார்.

எனக்கு வண்டிமேல் பயமில்லை தம்பி. என்னை நம்பாதவன்மேல்தான் வருத்தம். அக்கரையில் ஒரு தையல்காரர் இருக்கிறார், முதுகில் படுக்கைப்புண். தினம் கட்டு மாற்றினால் ஆறிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் என்னால் போக முடிகிறது, புண் ஆழமாகிறது. "வரமுடிஞ்சப்ப வாங்கம்மா" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்கிறார். பாலத்தைச் சீக்கிரம் சரிசெய்வார்கள் என்று அவரிடம் போய் நீ சொல்.

எப்படி ஓட்டுவது என்று எழுது. பழகுநர் உரிமம் வாங்கிவிட்டேன். நீ எழுதாவிட்டாலும் ஓட்டத்தான் போகிறேன், தப்பாக ஓட்டுவேன்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

நீ பிடித்தால் பிடித்ததுதான். எழுதுகிறேன். இதனுடன் மெக்கானிக்குக்கு ஒரு துண்டுச்சீட்டு வைத்திருக்கிறேன். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, உன் கை எட்டும்படி லிவரைக் கொஞ்சம் கீழே இறக்கித் தருவான். செயினையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். விரலால் அழுத்தினால் ஒரு விரல் அகலம் ஆட வேண்டும், அதற்குமேல் தளர்ந்திருக்கக் கூடாது. அவனிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பார்க்காதே. நன்றாக ஓட்டுவான், சொல்லத் தெரியாது.

சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் இப்போதுதான் புரிகிறது. நேற்று எழுத உட்கார்ந்தேன். முதல் கியர் என்று எழுதிவிட்டுக் கீழே மிதிப்பதா, மேலே தூக்குவதா என்று யோசித்தேன். நினைவில்லை. பதினான்கு வருடம் ஓட்டியவனுக்கு நினைவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, துடைப்பக்கட்டையை ஹாண்டில்பாராகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கிளம்பலாம் என்று நினைத்ததுமே இடது கை மடங்கியது, இடது கால் கீழே மிதித்தது. நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. கால் செய்ததைப் பார்த்து நான் எழுதிக்கொண்டேன். என்னைக் கேட்காமலே இதையெல்லாம் இந்தக் கால் எங்கே வைத்திருந்தது என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சமையல்காரர் கரண்டியோடு நின்று பார்த்துவிட்டு, "எந்த ஊருக்குப் போறே, எனக்கும் ஒரு டிக்கெட் போடு" என்றார்.

ஸ்டூல் சொன்னது இவ்வளவு. இடது கை கிளட்ச், வலது கை ஆக்சிலேட்டர், முன் பிரேக். வலது கால் பின் பிரேக், இடது கால் கியர். கிளட்சை முழுதாகப் பிடி. கியரைக் கீழே ஒரு மிதி, அது முதல் கியர். மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். நடுவில் பச்சை விளக்கு எரிந்தால் நியூட்ரல். இனி கிளட்சை விடு, ஆனால் விட்டுவிடாதே. பாதி வழியில் வண்டி உன்னை லேசாக முன்னால் இழுக்கும். அங்கே கையை நிறுத்திவை. ஒன்று, இரண்டு எண்ணு. பிறகு மிச்சத்தை விடு. எல்லாம் அந்த இரண்டு எண்ணிக்கையில் இருக்கிறது.

நிறுத்தும்போது இரண்டு பிரேக்கும் சேர்த்து. மணலில் முன் பிரேக் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட்டில் வாரைப் போடாவிட்டால் அது தொப்பிதான். கிளம்பும் முன் சைட் ஸ்டாண்டைப் பார்.

முதல் கியரில் மட்டும் ஓட்டு. மாமா கூட ஓடி வரட்டும், கால் ஆறியிருந்தால்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பெட்ரோல் டேங்கின்மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கட்டுப் போட வைத்திருக்கும் பிளாஸ்திரிதான். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் தினம் காலையில் குனிந்து படித்து ஓட்டுகிறேன். மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான். நீ சொன்னது சரி, அவனுக்குத் தெரிந்தது எல்லாம் "அப்படியே விடுங்கக்கா" தான். அப்படியே என்றால் எப்படியே என்று கேட்டேன். "அப்படியே" என்றான்.

உன் இரண்டு எண்ணிக்கையில் வண்டி நகர்ந்தது. பன்னிரண்டு முறை அணைந்தபின் பதின்மூன்றாவது முறை, கையைப் பாதியில் நிறுத்தி ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன், தரை என் காலுக்குக் கீழிருந்து தானாகப் போக ஆரம்பித்தது. நான் நடக்கவில்லை, மிதிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. விரல் நுனியால் கொஞ்சம் கேட்டால் கொஞ்சம் போகிறது, கூடக் கேட்டால் கூடப் போகிறது. நாற்பத்து நான்கு வயதில் எனக்கு அழுகை வந்தது, ஹெல்மெட் இருந்ததால் மாமாவுக்குத் தெரியவில்லை.

போன வாரம் மூன்றாம் கியர் போட்டேன். அதுவரை கத்திக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கிவிட்டது. வேகம் கூடினால் சத்தம் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அமைதியில் காற்று மட்டும் கேட்டது. இதை நீ பதினாறு வயதிலிருந்து தினம் கேட்டிருக்கிறாய், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே. இனி உன்னைப் பார்க்கும்போது கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் எட்டு வரவில்லை. தேர்வில் எட்டு போட வேண்டும், காலை ஊன்றினால் அவ்வளவுதான். மாமா சுண்ணாம்புப் பொடியால் மைதானத்தில் எட்டு வரைந்து கொடுத்தார், அவர் வரைந்ததிலேயே பெரிய படம் அதுதான். அழகான எட்டு. அதில் நான் ஒன்பது முறை விழுந்துவிட்டேன். நீ சொன்ன எல்லாவற்றையும் செய்கிறேன். முதல் கியர், பாதிக் கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். கோட்டை விட்டு நகரக் கூடாதே என்று முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போகிறேன், வளைவு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, தகடு கெட்டி. முழங்கால் இரண்டும் மாமாவின் வண்ணத்தட்டுபோல் இருக்கிறது.

தேர்வு மே 12. தவறினால் அடுத்த முறை ஜூனில்தான், அதற்குள் ரூட் போய்விடும். எங்கே தப்பு செய்கிறேன்?

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

கண்.

கையைப் பற்றி எழுதினேன், காலைப் பற்றி எழுதினேன், கண்ணைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்கே தெரியாது. உன் கடிதம் வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து நான்கு முறை எட்டு போட்டேன். கையும் காலும் நான் எழுதியபடிதான் இருந்தன. சமையல்காரர்தான் கண்டுபிடித்தார். "அது சரி, கழுத்தை எதுக்குக் கோழி மாதிரி திருப்பறே?" என்றார்.

அதுதான் அக்கா. சக்கரத்தைப் பார்க்காதே. எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே பார். வளைவுக்குள் நுழையும்போதே தலையைத் திருப்பி வளைவின் முடிவைப் பார். வண்டி பின்னாலேயே வரும். கோட்டைப் பார்த்தால் கோட்டில் ஏறும், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்தில் இறங்கும், கீழே பார்த்தால் கீழே விழும். ஏன் என்று கேட்காதே. நூற்று நாற்பது கிலோ இரும்பு ஒரு பார்வைக்கு எப்படிக் கட்டுப்படுகிறது என்று நேற்றெல்லாம் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு விடை தெரியவில்லை. கட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

டேங்கின்மேல் ஒட்டியிருக்கும் கடிதத்தைக் கிழித்துப் போடு. அதைப் படிக்கத்தான் குனிகிறாய்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

உரிமம் கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே மைதானத்துக்குப் போய், பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, தலையைத் திருப்பி எட்டின் மறுமுனையில் நின்ற மாமாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. மாமா விலகி ஓட வேண்டியதாகிவிட்டது. தேர்வு நாளில் ஒரு முறை போட்டுக் காட்டினேன். ஆய்வாளர், "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார். போட்டேன். "சந்தேகத்துக்கு இல்லம்மா, பார்க்க நல்லா இருந்துச்சு" என்று கையெழுத்துப் போட்டார்.

இப்போது பதினொரு வீடும் மதியத்துக்குள் முடிகிறது. பாலத்தின் நடுவில் வரும்போது இரண்டு பக்கமும் ஆறு மட்டும்தான், நான் ஒருத்தி அதன்மேல் போய்க்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் போன இத்தனை வருடத்தில் அந்த ஆற்றின் அகலம் எனக்குத் தெரியாது. நான் வாசலுக்குப் போகும் முன்பே தையல்காரர் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிடுகிறார். "உங்க வண்டிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுருச்சும்மா" என்கிறார். புண்ணில் புதுச் சதை பிடிக்கிறது.

இனி எழுதப்போவதை எழுத நான்கு நாளாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். நேர்ச் சாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கிடங்கு வளைவு வந்தது. நான் முடிவைப் பார்த்தேன், வண்டி சாய்ந்தது. தரை பக்கத்தில் வருவதைப் பார்த்து மாமா பயந்துபோய் எதிர்ப்பக்கம் உடம்பைத் தூக்கிப் போட்டார். அந்த ஒரு நொடியில் வண்டி நிமிர்ந்துவிட்டது தம்பி. வளையவே மாட்டேன் என்று நேராக மணலை நோக்கிப் போனது. நான் பார்த்தது ஓரிடம், அது போனது ஓரிடம். மெதுவாக வந்ததால் ஓரத்தில் நிறுத்திவிட்டேன். விழவில்லை.

மாமா இறங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் பேசியது காதில் விழவில்லை. அதே இடம். அன்றைக்கு நான் பின்னால். வண்டி சாய்ந்தது, தரை பக்கத்தில் வந்தது, நான் மறுபக்கம் சாய்ந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் உடம்புக்கு நினைவிருக்கிறது. முன்னால் உட்காரும் வரை அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

நீ தள்ளவில்லை. நான்தான் நம் இரண்டு பேரையும் தள்ளினேன். மூன்று வருடமாகச் சாப்பிடும்போதும், ஆட்கள் வந்திருக்கும்போதும் உன் தயவில் உடைந்த கை என்று சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தேன். நீ இங்கே இருந்தவரை சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். பாவி நான், என்னை மன்னித்துவிடு.

அக்கா


ஜூன் 2

அக்கா,

உன் கடிதத்தின் முதல் பாதியைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பதினொரு வீடு என்றதும் சமையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் அந்த வண்டியில் சும்மா சுற்றியவன், நீ அதில் வேலை பார்க்கிறாய். நாற்பத்து நான்கு வயதில், மடங்கிய கையோடு, தபாலைப் படித்து. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானே இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியை யாருக்கும் காட்டவில்லை.

எனக்குத் தெரியும் அக்கா. அன்றைக்கே தெரியும். நீ சாய்ந்தது என் முதுகில் தெரிந்தது. பிரேக்கை நான் தொடவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, கை அப்படித் தொங்கும்போது, "என்னடா ஆச்சு?" என்று கேட்டாய். அந்த முகத்தைப் பார்த்து உன்னால்தான் என்று எப்படிச் சொல்வேன். "பிரேக் வழுக்கிடுச்சு" என்றேன். ஒரு பொய்தானே, கை ஆறினால் அதுவும் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு உன் கையைப் பார்த்தார்கள். நீ விளையாட்டாகத்தான் சொல்வாய், தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் பதில் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அன்றைக்குச் சாப்பிடும்போது மறுபடி சொன்னாய். ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன். அதனால்தான் எழுந்து போனேன். இன்னும் ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், அதனால்தான் படகு ஏறினேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். இருந்தது. இங்கே வந்து ஜெனரேட்டர் சத்தத்தில் தனியாகக் கத்தித் தீர்த்துக்கொண்டேன்.

நீ சொல்வதும் முழுதாகச் சரியில்லை. பின்னால் உட்காருகிறவளுக்குக் கூடவே சாய வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியவன் ஓட்டுகிறவன்தானே. நான் ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணைப் பற்றி எழுத மறந்ததுபோல்தான் அதுவும், எனக்கே தெரியாமல் தெரிந்த விஷயம். அந்தத் தப்பு என்னுடையது, அதில் பொய் இல்லை.

நீயாகவே அதைக் கண்டுபிடித்து, நீயாகவே எழுதி அனுப்புவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. யாரும் கேட்காதபோது, யாருக்கும் தெரியாதபோது. மூன்றாம் கியர் உனக்குப் பெரிய அதிசயமாக இருக்கலாம். எனக்கு இதுதான்.

லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன். 18ஆம் தேதிப் படகில் வருகிறேன். துறைக்கு வண்டியில் வா. பெட்டி சின்னதுதான், டேங்கின்மேல் வைத்துக்கொள்ளலாம். நீ ஓட்டு. நான் பதினாறு வயதிலிருந்து முன்னால் உட்கார்ந்தே பழகியவன், பின்னால் எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியாது. தப்பாகச் சாய்ந்தால் அங்கேயே வண்டியை நிறுத்தித் திட்டிவிடு. என்னைப்போல் மூன்று வருடம் உள்ளே வைத்திருக்காதே.

தம்பி